மாப்பிள்ளை ஊர்வலமும் இரண்டு கார்களும்

 

ஷவ்வால் பிறை பிறந்துவிட்டால் நம் ஊர்களில் நிக்காஹ் பந்தல்களுக்குக் குறைவிராது. பத்திரிகை அச்சாகும், பிரியாணித் தேகுசாக்கள் வாடகைக்குப் பேசப்படும், அத்துடன் மாப்பிள்ளை எதில் ஏறி வருவார் என்ற பேச்சும் தொடங்கிவிடும். நம் பாட்டனார் காலத்தில் குதிரை. தந்தையார் காலத்தில் சாரட்டு வண்டி. அதன் பின்னர் மேற்கூரை மடக்கப்பட்டு, மல்லிகைச் சரங்கள் தொங்க, பெட்ரோமாக்ஸ் விளக்குகள் புடைசூழ ஊர்ந்து வந்த நீண்ட அமெரிக்கக் கார். இன்றைய இளைஞர்களின் கண்களோ வேறொன்றின் மீது படிந்திருக்கின்றன.

சோளிங்கரில் ஒரு வீட்டை எண்ணிக் கொள்ளுங்கள். தந்தை இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கர். மூத்த மகனுக்குத் திருமணம் நிச்சயமாகியுள்ளது. “அத்தா, சென்னையிலிருந்து ஓர் இம்பாலா திறந்த காரை ஒரு நாள் வாடகைக்கு வரவழைப்போம்” என்கிறார் இளைய மகன். துபாயிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் மைத்துனருக்கு அது பிடிக்கவில்லை. “அந்தக் கிழட்டு வண்டி எதற்கு மச்சான்? கடன் வாங்கியாவது மஸ்டாங் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கிவிடலாம். ஊர்வலத்துக்கும் ஆயிற்று, பிற்பாடு ஓட்டுவதற்கும் ஆயிற்று” என்கிறார் அவர். இருவரும் வாதிட்டுக் களைத்த பின்னர், மூலையில் தஸ்பீஹ் உருட்டிக் கொண்டிருந்த பாட்டியார் மெல்லக் கேட்கிறார்: “அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. இரண்டில் எது சொன்ன இடத்தில் நிற்கும்?”

வாசகர்களே! கற்பனை வீடுதான் என்றாலும், இந்தக் கேள்வி நம் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப்பட வேண்டியது. சோளிங்கர்வாசிகளுக்கோ அது இரட்டிப்பாகப் பொருந்தும். 1781 செப்டம்பர் 27 அன்று ஹைதர் அலியின் படைகளும் அயர் கூட்டின் கும்பினிப் படைகளும் மோதிய களமாக வரலாற்று நூல்களில் இவ்வூரின் பெயர் பதிந்துள்ளது. நம் காலத்தில் வாகன உலகில் இதன் பெயர் அறியப்படுவதற்குக் காரணம், பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் வார்ப்பாலை. 1962இல் சென்னைப் பாடியில் தோன்றிய அந்நிறுவனத்தின் வார்ப்புப் பிரிவு சோளிங்கரில் இரும்பை உருக்கி, வாகனங்களை நிறுத்தும் கருவிகளுக்கான பாகங்களை வார்க்கிறது. தரத்துக்காக வழங்கப்படும் ஜப்பானின் டெமிங் விருதையும் 2003இல் அது பெற்றது. காரை நிறுத்தும் இரும்பு வார்க்கப்படும் ஊரில் இருந்துகொண்டு, காரின் ஓட்டத்தை மட்டுமே பேசுவது முறையாகுமா?

ஆகவே இரண்டு கார்களையும் அருகருகே நிறுத்திப் பார்ப்போம்.

பழையது: 1959ஆம் ஆண்டின் இம்பாலா

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ‘செவர்லே’ என்னும் பெயரில் விற்ற கார்களில், இம்பாலா என்ற பெயர் 1958இல் அறிமுகமாயிற்று. அடுத்த ஆண்டே பறவையின் விரிந்த சிறகைப் போன்ற பின்புற அமைப்புடன் அது புது வடிவம் பெற்றது. நீளம் ஏறத்தாழ 5.35 மீட்டர், அகலம் 2 மீட்டருக்குச் சற்று மேல். முன்னும் பின்னும் சோபாவைப் போன்ற நீண்ட இருக்கைகள். ஆறு பேர் தாராளமாக அமரலாம். திறந்த கார் வகையில், துணியாலான மேல்மூடி பின்புறம் மடிந்து அடங்கிவிடும்.

ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் கார்களைப் பூட்டி விற்று வந்த தன் பம்பாய்த் தொழிற்சாலையை 1954இலேயே மூடிவிட்டது. எனவே இம்பாலா இங்குக் கடைகளில் விற்கப்பட்ட காரன்று. வெளிநாட்டுத் தூதரகங்களின் வழியாகவும், அயல்நாட்டில் வாழ்ந்து திரும்பியவர்களின் வழியாகவும் வந்தவையே பல. அரிதாக இருந்ததனாலேயே மதிப்பும் கூடியது. செல்வர் வீடுகளில் நின்ற அவ்வண்டிகள், எரிபொருள் விலை ஏறியபோது ஒவ்வொன்றாகத் திருமண ஊர்வலத் தொழிலுக்கு வந்து சேர்ந்தன. லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியை, ஓர் இரவில் இரண்டு தெரு சுற்றுவதற்கு அல்லாமல் வேறு எதற்கு வைத்திருக்க முடியும்?

புதியது: 2016இல் வந்த மஸ்டாங்

ஃபோர்டு நிறுவனத்தின் மஸ்டாங் 1964இல் அமெரிக்காவில் பிறந்தது. எனினும், வலப்புறம் ஸ்டியரிங் அமைந்த மஸ்டாங் இந்தியச் சந்தைக்கு முறையாக வந்தது 2016 ஜூலையில்தான். அன்று அதன் விலை, வரிகளும் பதிவுச் செலவும் சேராமல், ஏறத்தாழ 65 இலட்சம் ரூபாய். 5 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் இஞ்சின்; சுமார் 400 குதிரைத்திறன். கூரை பின்னோக்கிச் சரிந்து இறங்கும் இரு கதவுக் காரைக் ‘கூப்பே’ என்பர். இதுவும் அவ்வகையே. நான்கு இருக்கைகள் உண்டு என்பது ஏட்டளவில் உண்மை. ஆனால் பின்னிருக்கையில் வளர்ந்த ஆள் ஒருவர் அமர்ந்து வேலூர் வரை செல்வது எளிதன்று. முன்னிருக்கையை மடக்கி, குனிந்து, உடலைத் திருப்பித்தான் உள்ளே நுழைய வேண்டும். புர்கா அணிந்த மூதாட்டி ஒருவருக்கு இது எத்துணைச் சிரமம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். வண்டியின் அடிப்பாகமும் தாழ்வானது. நம் தெருக்களின் வேகத்தடைகளை அஞ்சி அஞ்சியே கடக்க வேண்டும்.

ஓர் ஒற்றுமையையும் கவனியுங்கள். இரு கார்களின் எடையும் ஏறத்தாழ 1.7 டன்தான். நிறுத்த வேண்டிய சுமை ஒன்றே. நிறுத்தும் முறைதான் வேறு.

பாட்டியார் கேட்ட கேள்வி

1959 இம்பாலாவின் நான்கு சக்கரங்களிலும் இருப்பது டிரம் பிரேக். சுழலும் இரும்புக் கிண்ணத்தின் உட்புறத்தை இரண்டு கட்டைகள் விரிந்து அழுத்துகின்றன. உராய்வினால் எழும் வெப்பம் கிண்ணத்துக்குள்ளேயே சிறைப்படுகிறது. தொடர்ந்து அழுத்தினால் பிடி தளர்ந்து, மிதிக்க மிதிக்க வண்டி நில்லாத நிலை வரும். மழைநீர் புகுந்தாலும் அதே கதி. இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. அக்காலத்து இம்பாலாவில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் எண்ணெய் ஒரே பாதையில் சென்றது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் ஒருங்கே போய்விடும். முன்சக்கரங்களுக்கு ஒன்று, பின்சக்கரங்களுக்கு ஒன்று என இரட்டைப் பாதை இவ்வகைக் கார்களுக்கு வந்தது 1967ஆம் ஆண்டின் மாதிரிகளில்தான்.

மஸ்டாங்கில் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். திறந்த வெளியில் சுழலும் இரும்புத் தட்டை இருபுறமிருந்தும் கவ்விப் பிடிப்பதால் வெப்பம் காற்றில் கலந்துவிடுகிறது. சக்கரம் சிக்கிச் சறுக்காதபடி நொடிக்குப் பலமுறை பிடித்தும் விடுத்தும் காக்கும் ஏபிஎஸ் அமைப்பும் உண்டு. இவ்வமைப்பு 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயமாக்கப்பட்டது.

அப்படியானால் மஸ்டாங்தான் சிறந்ததா? அவசரப்படாதீர்கள். வேகம் இரு மடங்கானால் நிறுத்தும் தூரம் இரு மடங்காவதில்லை. பிரேக் பிடித்த பின் உருளும் தூரம் நான்கு மடங்காகிறது. நல்ல பிரேக்கும் காய்ந்த சாலையும் உள்ள காரை எடுத்துக் கொள்வோம். கண் கண்டு கால் மிதிப்பதற்கு ஒரு நொடி ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அந்த ஒரு நொடியையும் சேர்த்துச் சுமார் 20 மீட்டரில் வண்டி நிற்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 57 மீட்டர். 120 கிலோமீட்டர் வேகத்திலோ 110 மீட்டரைத் தாண்டிவிடும். வாலாஜா சாலையில் ஆடு மேய்க்கும் சிறுவன் 50 மீட்டர் தொலைவில் குறுக்கே ஓடி வந்தால், 400 குதிரைத்திறன் அவனைக் காக்காது. நடைவேகத்தில் ஊர்ந்து வரும் பழைய இம்பாலாவோ அவனுக்கு ஐந்தடி முன்னரே நின்றிருக்கும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, அதன் பின்னரே இறைவன் மீது பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை அறியாதவர் நம்மில் இல்லை. நம் காலத்தில் ஒட்டகத்தைக் கட்டும் கயிறு பிரேக்தான். அக்கயிற்றைப் பிடிக்கும் கை ஓட்டுபவரின் நிதானம்.

இரும்பு கனத்தால் போதுமா?

“பழைய கார் என்றால் இரும்புக் கோட்டை, இக்காலத்துக் கார் தகர டப்பா” என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் தன் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி ஒரு சோதனை நடத்தியது. இம்பாலாவுடன் உடன்பிறந்த 1959 பெல் ஏர் காரையும், 2009 செவர்லே மாலிபு காரையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே மோத விட்டார்கள். பழைய காரின் முன்பகுதி மடங்கி, ஓட்டுநர் அமரும் அறையே நசுங்கிற்று. அதில் மனிதன் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்ற நிலை. புதிய காரில் இருந்த பொம்மைக்கோ காலில் சிறு காயம் ஏற்படும் அளவே பாதிப்பு.

காரணம் எளிது. புதிய கார்களின் முன்பகுதி நசுங்குவதற்கென்றே வடிவமைக்கப்படுகிறது. அது நசுங்கி அதிர்ச்சியை விழுங்கிக் கொள்ள, மனிதர் அமரும் கூண்டு உறுதியாக நிற்கிறது. மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பேலா பரேனி 1950களின் தொடக்கத்தில் வகுத்த வழி இது. மார்பையும் இடுப்பையும் சேர்த்துப் பிணைக்கும் சீட் பெல்ட்டை வால்வோ பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கி, அது காரில் வந்ததும் அதே 1959இல்தான். அந்தக் கண்டுபிடிப்பை எல்லா நிறுவனங்களும் பயன்படுத்திக் கொள்ளட்டும் என்று வால்வோ திறந்து விட்டது. மனித உயிர் ஒன்றைக் காப்பது மனித குலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பாகும் என்று கற்ற நமக்கு அச்செயலின் மதிப்பு நன்கு விளங்கும்.

புதியது என்பதனாலேயே குறையற்றது என்றும் எண்ணிவிட வேண்டாம். ஐரோப்பிய மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப், 2017 ஜனவரியில் மஸ்டாங்குக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரங்களையே வழங்கியது. காற்றுப் பைகள் போதிய அளவு உப்பவில்லை. பின்னிருக்கையில் அமர்வோருக்குப் பாதுகாப்புக் குறைவு என்பன அது கண்ட குறைகள். சில திருத்தங்கள் செய்யப்பட்ட பின்னர் அவ்வாண்டிலேயே மூன்று நட்சத்திரங்கள் கிடைத்தன. விலையின் உயரம் வேறு. காப்பின் உயரம் வேறு.

திறந்த காரைப் பற்றி மேலும் ஓர் எச்சரிக்கை. தொழிற்சாலையிலேயே திறந்த காராகச் செய்யப்பட்டதற்கு, கூரை தரும் பலத்தை ஈடுசெய்ய அடிச்சட்டத்தையும் உடலையும் வலுப்படுத்தியிருப்பார்கள். ஊர்வலத்துக்கென்று சாதாரணக் காரின் கூரையை அறுத்துத் திறந்த காராக்கும் வழக்கமும் உண்டு. அறுக்கப்பட்ட அவ்வண்டிக்கு முதுகெலும்பு இல்லை. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை இவ்வாறு மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில் தடுக்கிறது.

தோல் மாவட்டத்தார் அறிய வேண்டியது

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனத் தோலால் வாழும் நம் பகுதியினர், கார் என்றதும் முதலில் தடவிப் பார்ப்பது இருக்கையைத்தான். இதில் ஒரு வியப்பு. சொகுசின் சின்னமாகக் கருதப்பட்ட இம்பாலா திறந்த காரின் இருக்கை தோலன்று. நாம் ரெக்ஸின் என்று அழைக்கும் வகையைச் சேர்ந்த செயற்கை உறை. வெயிலையும் மழையையும் தாங்க வேண்டும் என்பதற்காக அதனைப் போட்டார்கள். தோல் இருக்கை மஸ்டாங்கில்தான்.

கார் இருக்கைக்கு ஆட்டுத்தோல் பொதுவாக உதவாது, பரப்பு போதாது. பெரிய மாட்டுத்தோலே வேண்டும். காலணித் தோலுக்கு இல்லாத சோதனைகளும் இதற்கு உண்டு. மூடிய காருக்குள் வெயில் ஏறும்போது தோலிலிருந்து ஆவி கிளம்பிக் கண்ணாடியில் படியக்கூடாது. ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டாலும் நிறம் மங்கக்கூடாது. ஆயிரமாயிரம் முறை உராய்ந்தாலும் மேற்பூச்சு உரியக்கூடாது. பழைய கார் வைத்திருப்போர் சிலர் தேங்காய் எண்ணெய் தடவித் தோலைப் பளபளப்பாக்க முயல்கின்றனர். அது தூசியை ஈர்த்து மேற்பூச்சைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் நிறுத்துவதே போதுமானது.

“அந்நிய நாட்டுக் காரின் தோலில் அமர்ந்து தொழலாமா?” என்று வினவும் சகோதரிகள் உண்டு. பதனிடப்பட்ட தோல் தூய்மையடையும் என்பதும், பன்றித் தோலுக்கு இது பொருந்தாது என்பதும் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் இரண்டிலும் உள்ள சட்டம். கார் இருக்கைக்குப் பொதுவாகப் பயன்படுவது மாட்டுத்தோலே என்பதால் வீண் ஐயம் வேண்டாம். ஐயம் நீங்காதவர்கள் விற்பனையாளரிடம் கேட்டறிவது நல்லது.

பணப்பையைத் திறந்து பார்ப்போம்

இனி மைத்துனர் சொன்ன கடனுக்கு வருவோம். 40 இலட்சம் ரூபாயை, நூற்றுக்குப் பத்து வட்டியில், ஐந்தாண்டுத் தவணையில் பெறுவதாகக் கொள்ளுங்கள். மாதம் ஏறத்தாழ 85 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். ஐந்தாண்டு முடிவில் வட்டி மட்டும் 11 இலட்சத்துக்கு அருகில் வந்துவிடும். வட்டியின் பாவம் ஒருபுறம் இருக்கட்டும். புதிய கார் சாலையில் இறங்கிய நாளிலிருந்து அதன் விலை இறங்குகிறது, கடன் இறங்குவதில்லை. மணப்பெண் வீட்டுக்கு வந்து மருதாணி மறைவதற்குள் முதல் தவணைக் கடிதம் வந்து நிற்கும். அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் பாக்கியிருக்க, காருக்குத் தவணை கட்டும் இளைஞரை என்னவென்று சொல்வது?

பழைய காரை வாங்கி வாடகைக்கு விடுவோருக்கும் ஒரு செய்தி. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல அமைப்பு மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் மைய அரசு விதிகள் வகுத்தது. அவ்வாறு பதிவான வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய கார் அணிவகுப்புக்கும் கொண்டு செல்லலாம். வணிக நோக்கில் ஓட்டலாகாது. எனவே ஊர்வலத்துக்குக் கார் பேசும்போது பூ அலங்காரத்துக்கு முன்னர்ப் பதிவுச் சான்றையும் காப்பீட்டையும் பாருங்கள். விபத்து நேர்ந்த பின்னர்த் தாளைத் தேடுவதில் பயனில்லை.

ஜகாத்தைப் பற்றியும் சிலர் கேட்கக்கூடும். சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் காரின் மீது, அது எத்துணை விலையுயர்ந்ததாயினும், ஜகாத் இல்லை. விற்பனைச் சரக்காக வாங்கி வைத்த காரானால் உண்டு. வாடகைக்கு விடும் காரில், சேர்ந்து நின்று நிஸாபையும் ஓராண்டையும் அடையும் வருவாய்க்கே ஜகாத்.

எது சிறந்தது?

ஊர்வலத்துக்கு, முறையாகச் செய்யப்பட்ட பழைய திறந்த காரே பொருத்தம். ஆனால் நடைவேகத்தில் மட்டும். நெடுஞ்சாலைக்குப் புதிய காரே பொருத்தம். ஆனால் அளவான வேகத்தில் மட்டும். பழைய காரை நெடுஞ்சாலையில் விரட்டுவதும், வேகக் காரை ஊர்வலக் கூட்டத்துக்குள் உறுமவிடுவதும், இரண்டையும் அவற்றின் இடம் மாற்றி வைப்பதேயாகும்.

எதைத் தேர்ந்தாலும் சிலவற்றை மறவாதீர்கள். மடக்கிய மேல்மூடியின் மீதும், இருக்கையின் முதுகின் மீதும் ஏறி அமர மாப்பிள்ளையையோ குழந்தைகளையோ விடாதீர்கள். சிறு குலுக்கல் போதும், பின்னால் விழுந்துவிடுவார்கள். புறப்படும் முன் ஓட்டுநர் பிரேக்கை இரண்டு முறை மிதித்துப் பார்க்கட்டும். பின்னிருக்கையில் இருப்போரும் பெல்ட் அணியட்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி இதற்குப் பெற்றோரே 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் ஏற்க நேரிடும். ஊர்வலத்தால் ஆம்புலன்ஸ் ஒன்று நின்றுவிடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதே ஈமானின் ஒரு கிளையாயிருக்க, நாமே இடராக நிற்கலாமா?

அந்தச் சோளிங்கர் வீட்டுக்குத் திரும்புவோம். அத்தந்தையின் இடத்தில் நானிருந்தால் இம்பாலாவையும் மஸ்டாங்கையும் ஒருங்கே வணங்காமல் வழியனுப்பி வைப்பேன். உறவினர் ஒருவரின் சாதாரணக் காரில், பெல்ட் அணிந்து, வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை ஓதி, மகன் பள்ளிவாசலுக்குச் செல்லட்டும். வாடகைக்கு எடுத்து வைத்த தொகை மஹருடன் சேரட்டும். செலவு குறைந்த நிக்காஹில் பரக்கத் மிகுதி என்பது நாம் மேடைதோறும் சொல்வதுதானே! அதை வீட்டு வாசலிலும் சொல்லிப் பார்ப்போம்.

கார் ஆசை தவறன்று. அழகிய வாகனமும் அல்லாஹ்வின் அருட்கொடைகளுள் ஒன்றே. ஆனால் எந்தக் காரை வாங்கப் போனாலும், எந்தக் காரை வாடகைக்குப் பேசினாலும், எவ்வளவு ஓடும், எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கேட்பதற்கு முன்னர், அந்தப் பாட்டியார் கேட்டதையே நீங்களும் கேளுங்கள்: “இது சொன்ன இடத்தில் நிற்குமா?” காரைப் பற்றிக் கேட்ட பின்னர், நம் ஆசையைப் பற்றியும் அதே கேள்வியை ஒருமுறை கேட்டுக் கொள்வோம்.

புறப்பட்ட ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டுக்கு நலமாகத் திரும்பக் கொண்டு சேர்க்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.